கடலில் பசு மேய்கிறது என்று சொன்ன பையனுக்கு



இது கொஞ்சம் நீளமான பதிவு. மூன்று நாளாக ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு போனில் ஒற்றை விரலால் தட்டி எழுதினேன். எழுத்துப்பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். சிவப்பு மை பேனாவை யாரும் எனக்கே திருப்பி நீட்ட வேண்டாம்!

போன ஆவணி மாதம் 1987-88 ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் எல்லாரும் சேர்ந்து தருமபுரியில் ஒரு மண்டபத்தில் கூடினீர்கள். என்னையும் அழைத்துச் சால்வை போட்டீர்கள். எல்லாருக்கும் ஐம்பது வயது. பாதிப் பேருக்குத் தலை நரைத்துவிட்டது, சிலருக்குப் பேரப்பிள்ளைகளே வந்துவிட்டார்கள். சாப்பாட்டுப் பந்தியில் ஒருத்தி சிரித்துக்கொண்டே கேட்டாள். "டீச்சர், ஞாபகம் இருக்குங்களா? கடல்ல பசு மேயுதுன்னு சொல்லி ஒருத்தன் முட்டி போட்டானே!" பந்தியே சிரித்தது. நானும் சிரித்தேன்.

வீட்டுக்கு வந்த பிறகு தூக்கம் வரவில்லை. அந்தப் பையன் அன்றைக்கு வரவில்லை. அவன் எங்கே இருக்கிறான் என்று அங்கிருந்த யாருக்கும் தெரியவில்லை. நான் தூங்காமல் கிடந்ததற்குக் காரணம் அது மட்டும் இல்லை. அதைத்தான் இந்தப் பதிவில் சொல்லப் போகிறேன்.

அப்போது எனக்கு இருபத்தாறு வயது. இரண்டு வருட ஆசிரியர் பயிற்சி முடித்து வேலைக்குச் சேர்ந்து மூன்று வருடம்தான் ஆகியிருந்தது. கடலை ஒரே ஒரு முறை மெட்ராஸ் மெரினாவில், பயிற்சிப் பள்ளிச் சுற்றுலாவில் பார்த்திருந்தேன். கால் நனைத்தேன், சுண்டல் வாங்கித் தின்றேன், அவ்வளவுதான் என் கடல் அனுபவம். அந்த அனுபவத்தை வைத்துக்கொண்டுதான் பென்னாகரம் பக்கத்துப் பிள்ளைகளுக்குத் தமிழ்நாட்டின் கடற்கரையைப் பற்றிப் பாடம் நடத்தினேன். "தமிழ்நாட்டுக் கடற்கரையின் நீளம் எவ்வளவு?" "1,076 கிலோமீட்டர் டீச்சர்!" நாற்பது குரலும் ஒன்றாகச் சொல்லும். நம் பிள்ளைகளுக்குக் கடல் என்றால் வாரச் சந்தையில் விற்கும் கருவாடும் உப்பும்தான்.

அந்தப் பையனின் அப்பா கம்பி கட்டும் வேலை செய்பவர். அப்போது பாம்பனில் கடலுக்கு மேல் ரோட்டுப் பாலம் கட்டிக்கொண்டிருந்தார்கள். அந்த வேலைக்கு அவர் போயிருந்தார். கோடை விடுமுறைக்குப் பையனையும் கூட்டிப்போய்விட்டு, ஜூன் மாதம் பள்ளிக்குக் கொண்டுவந்து விட்டார். நான் கடற்கரைப் பாடம் எடுத்த அன்று அவன் கையைத் தூக்கினான்.

"டீச்சர், நான் பாத்தேன் டீச்சர். அங்க ரெண்டு கடலு. ஒண்ணு நம்ம ஏரியாட்டம் சும்மா கிடக்கும். இன்னொண்ணு குதிச்சிக்கிட்டே இருக்கும்."

பிள்ளைகள் சிரித்தார்கள். நான், "கடல் ஒன்றுதான், உட்காரு" என்றேன்.

அவன் உட்காரவில்லை. டவுசர் பையிலிருந்து வெள்ளையாக ஒரு கல்லை எடுத்தான். கல் முழுக்கச் சின்னச் சின்ன ஓட்டை. "இந்தக் கல்லு கடலுக்கடியில வளரும் டீச்சர். உசுரு இருக்குது." இன்னும் சிரிப்பு. "கல் எங்கேயாவது வளருமாடா?" என்று கேட்டேன். தருமபுரிக்காரிக்குக் கல்லைப் பற்றி யாராவது சொல்லித்தர வேண்டுமா? நம்மைச் சுற்றி இருப்பதெல்லாம் கல்தானே.

மூன்றாவதாக அவன் சொன்னதுதான் நீங்கள் எல்லாரும் ஞாபகம் வைத்திருப்பது. "கடல்ல பசு இருக்குது டீச்சர். அடியில புல்லு மேயும். குட்டிக்குப் பால் குடுக்கும். மூச்சு விட மேல வரும். ஆவுளியான்னு பேரு."

வகுப்பே அதிர்ந்தது. பக்கத்து வகுப்பு வாத்தியார் எட்டிப் பார்த்தார். எனக்கு அவமானமாகப் போய்விட்டது. "பொய் பேசுவியா? முட்டி போடு" என்றேன். மணி அடிக்கும் வரை போட்டான். அழவில்லை. அந்தக் கல்லை வாங்கி என் மேசையில் காகிதம் பறக்காமல் இருக்க வைத்துக்கொண்டேன். மாற்றலாகிப் போகும்போது அதை அங்கேயே விட்டுவிட்டேன்.

அதன் பிறகு அந்த வருடம் முழுக்க அவன் என் வகுப்பில் கை தூக்கவில்லை. எட்டாவதோடு படிப்பை நிறுத்திவிட்டு பெங்களூருக்கு வேலைக்குப் போனதாகக் கேள்விப்பட்டேன். படிப்பு நின்றது என்னால்தான் என்று சொல்ல மாட்டேன். வீட்டில் கஷ்டம் இருந்தது. ஆனால் அவன் கை தூக்காமல் போனது என்னால்தான்.

ஏழெட்டு வருடம் கழித்து ஒரு பணியிடைப் பயிற்சியில் கடல்வாழ் உயிரினங்கள் பற்றி ஒரு சின்னப் புத்தகம் கொடுத்தார்கள். அதில் ஒரு பக்கத்தில் படம் போட்டு, கீழே "கடற்பசு (ஆவுளியா), மன்னார் வளைகுடா" என்று இருந்தது. எனக்கு உடம்பெல்லாம் கூசிப்போனது. அன்றைக்கே உங்களில் யாரிடமாவது சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. முப்பது வருடம் சொல்லவில்லை. போன ஆவணியில் பந்தியில் நீங்கள் சிரித்தபோதும், "இல்லை, அவன் சொன்னது நிஜம்" என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. தூக்கம் வராததற்கு இதுதான் காரணம்.

அதனால் மாசி மாதம் மகளையும் பேரனையும் கூட்டிக்கொண்டு ராமநாதபுரம் மாவட்டத்துக்குப் போனேன். ராமேஸ்வரம் கோயிலுக்குப் போவதாகத்தான் வீட்டில் சொன்னேன். கோயிலுக்கும் போனேன். ஆனால் நான் உண்மையில் போனது அந்தப் பையன் சொன்ன மூன்று பொய்களைப் பார்க்க.

தருமபுரியிலிருந்து சேலம், அங்கிருந்து மதுரை, மதுரையிலிருந்து ரயில். ராமநாதபுரம் தாண்டினால் கருவேல முள்ளும் வெட்டவெளியும்தான். அரசு ஊழியரை மிரட்ட அந்தக் காலத்தில் "தண்ணியில்லாக் காட்டுக்கு மாத்திடுவேன்" என்பார்களே, அது இந்தச் சீமையைத்தான். நம் மாவட்டமும் அப்படிப் பேர் வாங்கினதுதான் என்பதால் எனக்கு வேற்றூர் மாதிரியே தெரியவில்லை.

மண்டபம் தாண்டியதும் ரயில் கடல்மேல் ஏறுகிறது. பழைய பாம்பன் பாலம் 1914 பிப்ரவரி 24-ல் திறந்தது. கப்பல் வந்தால் நடுப்பகுதி இரண்டாகப் பிளந்து மேலே தூக்கும். ஆட்கள் நின்று நெம்புகோலைச் சுற்றித்தான் தூக்குவார்கள். நூறு வருடத்துக்கு மேல் உழைத்த அந்தப் பாலத்தில் 2022 கடைசியில் ரயிலை நிறுத்திவிட்டார்கள். பக்கத்திலேயே கட்டிய புதுப்பாலம் 2025 ஏப்ரல் 6-ல் திறந்தது. இதில் 72.5 மீட்டர் நீளமுள்ள நடுப்பகுதி அப்படியே லிப்ட் மாதிரி செங்குத்தாக மேலே போகிறது. இவற்றோடு சேர்ந்து நிற்பதுதான் நம் பையனின் அப்பா கம்பி கட்டிய ரோட்டுப் பாலம். 1988 அக்டோபர் 2-ல் ராஜீவ் காந்தி திறந்துவைத்தார். நம் தருமபுரி, சேலத்திலிருந்து பிரிந்து தனி மாவட்டம் ஆனதும் ஓர் அக்டோபர் 2 தான், 1965-ல். இதை எத்தனை முறை பரீட்சையில் கேட்டிருப்பேன்!

பேரனிடம் ரோட்டுப் பாலத்தைக் காட்டி, "இதை நம்ம ஊர்க்காரங்க கட்டினாங்க" என்றேன். "எல்லாமேவா ஆயா?" என்றான். "கொஞ்சம்" என்றேன்.

முதலில் அந்த இரண்டு கடல் சமாச்சாரம். தனுஷ்கோடிக்குப் போகும் ஆட்டோக்காரத் தம்பியிடம் எதுவும் தெரியாதவள் மாதிரி கேட்டேன். "ஆமா டீச்சரம்மா, இது பெண் கடல், அது ஆண் கடல்" என்று இரண்டு பக்கமும் கையைக் காட்டினார். வடக்கே பாக் நீரிணைப் பக்கம் பெண் கடல். தெற்கே மன்னார் வளைகுடா ஆண் கடல். அரிச்சல்முனைக்குப் போகும் ரோட்டில் நின்றால் இரண்டு கையிலும் இரண்டு கடல். நீலம்கூட வேறு வேறு நீலம்.

காரணம் எளிது. வடக்குப் பக்கம் ஆழம் குறைவு, பெரும்பாலும் பதினைந்து மீட்டருக்கு உள்ளேதான். தெற்குப் பக்கம் போகப்போக ஆயிரம் மீட்டருக்கு மேல் இறங்கிவிடும். நடுவில் ராமேஸ்வரம் தீவும், அதற்கப்பால் தலைமன்னார் வரை மணல் திட்டுகளும் ஒரு வரப்பு மாதிரி கிடக்கின்றன. தென்மேற்குப் பருவக்காற்றில் தெற்குக் கடல் குதிக்கும், வடக்குக் கடல் அந்த வரப்புக்குப் பின்னால் ஒதுங்கிக்கொள்ளும். ஐப்பசி, கார்த்திகையில் வாடைக்காற்று வந்தால் கதை தலைகீழ். "அப்ப பொம்பளைக்குக் கோவம் வந்துரும் டீச்சரம்மா. நாங்க வள்ளத்த எடுத்துக்கிட்டு இந்தப் பக்கம் வந்துருவோம்" என்றார் அந்தத் தம்பி. பையன் போனது கோடை விடுமுறையில். வைகாசியில் தெற்குக் காற்று கிளம்பிவிடும். அவன் பார்த்ததை அப்படியே சொல்லியிருக்கிறான். வரைபடத்தில் ஒரே நீல வண்ணம் அடித்தது நான்தான்.

இரண்டாவது, வளரும் கல். இதற்கு விடை எனக்குக் கடலுக்குள் கிடைக்கவில்லை. தனுஷ்கோடியில் ஓர் இடிந்த சுவரில் கிடைத்தது.

தனுஷ்கோடி கதை உங்களுக்குத் தெரியும். ஒரு காலத்தில் மெட்ராஸிலிருந்து போட் மெயில் ரயில் அங்கே வரும். இறங்கிக் கப்பல் ஏறினால் தலைமன்னார், அங்கிருந்து மறுபடி ரயிலில் கொழும்பு. அன்றைய சேலம் ஜில்லாவிலிருந்து எத்தனையோ குடும்பங்கள் தேயிலைத் தோட்டத்துக்கு இந்த வழியாகத்தான் போயின. போவதற்கு முன் மண்டபம் முகாமில் நோய் இருக்கிறதா என்று பார்க்க நாள்கணக்கில் தங்கவைப்பார்கள். நம் சொந்தத்தில் "சிலோன் தாத்தா" என்று ஒருவரைப் பற்றிப் பெரியவர்கள் சொல்வார்களே, போனவர் திரும்பி வரவே இல்லை என்று. அவரும் அந்த முகாமில்தான் காத்திருந்திருக்க வேண்டும். சுதந்திரத்துக்குப் பிறகு அதே மண்டபம் முகாமில்தான் மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் வளர்ந்தது. 1971-ல் தலைமையிடம் கொச்சிக்குப் போனாலும் இன்றைக்கும் மண்டபத்தில் அதன் மையம் இருக்கிறது.

1964 டிசம்பர் 22 ராத்திரி வந்த புயலில் தனுஷ்கோடி போய்விட்டது. பாம்பனிலிருந்து கிளம்பிய பாசஞ்சர் ரயிலைக் கடல் அடித்துக்கொண்டு போனது. நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் அதில் இருந்தார்கள். பாலத்தின் பெரும்பகுதியும் போயிற்று. அதை ஈ. ஸ்ரீதரன் என்ற இளம் பொறியாளர் 46 நாளில் சரிசெய்தார். பின்னாளில் டெல்லி மெட்ரோ கட்டியவர் இவரேதான். ஊரை மட்டும் யாரும் சரிசெய்ய முடியவில்லை. மக்கள் வாழத் தகுதியற்றது என்று அரசு அறிவித்துவிட்டது.

மிச்சம் நிற்பவற்றில் ஒன்று மாதா கோயில் சுவர். பக்கத்தில் போய்ப் பார்த்தேன். சுவரில் இருந்தது செங்கல் இல்லை, நம் ஊர்க் கருங்கல்லும் இல்லை. வெள்ளையாக, சின்னச் சின்ன ஓட்டையோடு இருந்தது. தொட்டதும் தெரிந்துவிட்டது. என் மேசையில் காகிதத்துக்கு மேல் கிடந்த அதே கல். அந்தப் பக்கத்தில் பழைய காலத்தில் பவளக் கல்லை வெட்டி எடுத்துத்தான் கட்டினார்கள். நான் சுவரில் கையை வைத்தபடி நின்றுவிட்டேன். மகள் வந்து, "தலை சுத்துதாம்மா?" என்று கேட்டாள்.

பவளப்பாறை பாறையே இல்லை. கடுகளவு உயிர்கள் லட்சக்கணக்கில் ஒட்டி வாழ்கின்றன. ஒவ்வொன்றும் தன்னைச் சுற்றிச் சுண்ணாம்புக் கூடு கட்டிக்கொள்கிறது. செத்த பிறகு கூடு கிடக்கும், அதன்மேல் அடுத்தது கட்டும். உருண்டை வகைப் பவளம் வருடத்துக்கு ஒரு சென்டிமீட்டர் வளர்ந்தாலே அதிகம். நான் காகிதம் பறக்காமல் வைத்திருந்த துண்டு, அந்தப் பையனின் வயசைவிட மூத்ததாக இருந்திருக்கலாம். அதன் உடம்புக்குள் பாசி குடியிருந்து சாப்பாடும் நிறமும் கொடுக்கிறது. கடல் சூடானால் பாசி வெளியேறிவிடும், பவளம் வெளுத்துப்போகும். சூடு நீடித்தால் செத்துவிடும். மன்னார் வளைகுடாவில் 1998-லும், 2010-லும், 2016-லும் அப்படி வெளுத்தது.

ராமேஸ்வரத்திலிருந்து தூத்துக்குடி வரை 21 சின்னத் தீவுகள். குருசடை, முயல் தீவு, வாழைத் தீவு, நல்லதண்ணி தீவு, உப்புத்தண்ணி தீவு என்று பேர்களே அழகு. நம் ஊரில் கிணற்றுக்கு இப்படித்தானே பேர் வைப்போம்! இவற்றைச் சுற்றித்தான் பவளம் இருக்கிறது. 1986-ல் தமிழக அரசு இதைக் கடல்சார் தேசியப் பூங்கா ஆக்கியது. 1989-ல் 10,500 சதுர கிலோமீட்டர் பரப்பு உயிர்க்கோளக் காப்பகம் ஆனது. சுமார் 3,600 வகைச் செடிகொடிகளும் உயிரினங்களும் இங்கே இருப்பதாகக் கணக்கு. நான் "கல் வளருமாடா" என்று கேட்டபோது அந்தப் பூங்காவுக்கு ஒரு வயது. எங்கள் பாடப்புத்தகத்தில் அது வந்து சேரவில்லை. கம்பி கட்டுபவரின் மகனுக்கு அது முன்கூட்டியே வந்து சேர்ந்துவிட்டது.

21 தீவுகளில் இரண்டு இப்போது இல்லை. விலங்குச்சல்லி, பூவரசன்பட்டி இரண்டும் கடலுக்குள் மூழ்கிவிட்டன. சுண்ணாம்புக்கும் கட்டடத்துக்கும் தொழிற்சாலைக்கும் பல வருடம் பவளத்தை வெட்டி எடுத்ததால், அலையைத் தடுக்கும் வேலி போய்விட்டது. தூத்துக்குடிப் பக்கம் வான் தீவு 1986-ல் 16 ஹெக்டேர் இருந்தது. சுமார் 2 ஹெக்டேராகச் சுருங்கிய பிறகு, செயற்கைப் பாறைகளைக் கடலில் இறக்கிக் காப்பாற்றப் பார்க்கிறார்கள். 2001-ல்தான் பவளம் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் பட்டியலில் வந்தது. ஏரி காணாமல் போவதை நம் ஊரில் பார்த்திருக்கிறோம். மண்ணைக் கொட்டி வீடு கட்டிவிடுவார்கள். அங்கே கல்லை எடுத்ததால் தீவே காணாமல் போயிருக்கிறது.

அடுத்த நாள் பாம்பன் பக்கம் சின்னப்பாலம் என்ற ஊருக்குப் போனோம். அங்கே பெண்கள் கடலில் முங்கிப் பாசி எடுக்கிறார்கள். கண்ணாடி மாட்டிக்கொண்டு, விரல்களில் துணி சுற்றிக்கொண்டு, மூச்சை அடக்கி உள்ளே போய்ப் பிய்த்துக்கொண்டு வருகிறார்கள். கல்யாண வீட்டில் தட்டில் ஆடிக்கொண்டு வருமே ஜெல்லி, அதில் சேர்க்கும் கடல்பாசிப் பொருளும், ஐஸ்கிரீமில், மருந்தில் சேர்ப்பதும் இதிலிருந்துதான். இந்த ஊர் லட்சுமி மூர்த்தி என்ற பெண்மணிக்கு 2015-ல் சீகாலஜி என்ற அமெரிக்க அமைப்பின் பரிசு கிடைத்தது. எல்லா நாளும் எடுத்தால் பாசி அழிந்துவிடும் என்று, மாதத்தில் இத்தனை நாள்தான் கடலுக்குப் போவது என்று பெண்கள் தங்களுக்குள்ளேயே கட்டுப்பாடு வைத்திருக்கிறார்கள்.

என் வயதில் ஓர் அக்கா வாசலில் பாசியைக் காயப்போட்டுக்கொண்டிருந்தார். கை முழுக்கக் கல் கிழித்த தழும்பு. தாகத்துக்குத் தண்ணீர் கேட்டேன். செம்பில் கொடுத்து, "குடிங்க, காவேரித் தண்ணிதான்" என்றார். காவிரிக் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தில் அங்கே வருவது. நம் ஒகேனக்கல்லில் விழுந்த தண்ணீர் அங்கே போய் நிற்கிறது! "எங்க ஊர் வழியா வந்ததுக்கா" என்றேன். சிரித்தார்.

ஆவுளியா பற்றிக் கேட்டேன். முதலில் தயங்கினார். பிறகு சொன்னார். "முன்ன கறி திம்பாக டீச்சரம்மா. இப்ப யாரும் தொடுறதில்ல. வலைல மாட்டுனா அறுத்து விட்டுறணும். நான் சின்னப் புள்ளையில பாத்திருக்கேன். குட்டி பக்கத்துலயே நீந்தும்."

"புல் மேயுமாக்கா?"

"புல்லுதான் அதுக்குச் சோறு."

அவ்வளவுதான். இந்த நாலு வார்த்தைக்காகத்தான் நான் அத்தனை தூரம் போயிருந்தேன். கண் நிறைந்துவிட்டது. அவருக்கு ஏன் என்று புரியவில்லை. முழுக் கதையையும் சொன்னேன். கேட்டுவிட்டு, "புள்ளைய முட்டி போட வச்சுட்டீகளாக்கும்" என்றார். திட்டவும் இல்லை, சமாதானம் சொல்லவும் இல்லை. திரும்பிப் பாசியை உதறிப் போட ஆரம்பித்தார்.

மாணவர்களே, ஆவுளியா பாலூட்டி. மூன்று மீட்டர் வரை நீளமும், நானூறு கிலோ எடையும் வரும். சில நிமிடத்துக்கு ஒரு முறை மூச்சுக்கு மேலே வந்தாக வேண்டும். ஒரு நாளைக்கு முப்பது நாற்பது கிலோ கடற்புல் மேயும். ஒரு குட்டிக்கும் அடுத்த குட்டிக்கும் மூன்று வருடத்திலிருந்து ஏழு வருடம் வரை இடைவெளி. அதனால்தான் ஒன்று செத்தாலும் பெரிய நஷ்டம். இன்னொன்று சொல்கிறேன், நம் பக்கத்துப் பிள்ளைகளுக்குப் பிடிக்கும். பேர்தான் பசு, சொந்தம் யானைக்கு. பரிணாமத்தில் அதற்கு நெருங்கிய உறவு யானைதான். ஆண் ஆவுளியாவுக்குச் சின்னத் தந்தம்கூட உண்டு. பென்னாகரம், பாலக்கோடு காட்டோரம் யானையைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகளுக்கு இதைச் சொல்லி நான் எவ்வளவு அழகாகப் பாடம் நடத்தியிருக்கலாம்!

இந்தியா முழுக்கச் சேர்த்தே 240 அளவில்தான் மிச்சம் என்று அரசு சொன்னது. 2022 செப்டம்பரில் தஞ்சாவூர், புதுக்கோட்டைக் கரைக்கு அப்பால் பாக் விரிகுடாவில் 448 சதுர கிலோமீட்டரை நாட்டின் முதல் கடற்பசுப் பாதுகாப்பகமாகத் தமிழக அரசு அறிவித்தது. வலையில் சிக்கியதை உயிரோடு விடும் மீனவர்களுக்கு ஊக்கத்தொகையும் கொடுக்கிறார்கள். வலையை அறுத்தால் அவர்களுக்கு அன்றைய பிழைப்பு போகிறது. அப்படியும் அறுக்கிறார்கள்.

கடைசி நாள் ஏர்வாடிக்குப் பக்கத்தில் பிச்சைமூப்பன்வலசையில் அடியில் கண்ணாடி பதித்த படகில் ஏறினோம். எனக்கு நீச்சல் தெரியாது. உயிர்காப்பு உடுப்பை இறுக்கக் கட்டிக்கொண்டு, பேரன் கையைப் பிடித்துக்கொண்டு குனிந்து பார்த்தேன். அடியில் பச்சையாகப் புல். நம் ஆற்றங்கரை அருகம்புல் மாதிரி, தண்ணீர் போகும் பக்கமெல்லாம் சாய்ந்து நிமிர்ந்தது. சின்ன மீன்கள் புல்லுக்குள் புகுந்து ஒளிந்தன. அப்புறம் கொஞ்சம் பவளம், பழுப்பும் இளமஞ்சளுமாக, உயிரோடு.

"ஆயா, ஆவுளியா எங்க?" என்றான் பேரன்.

"இங்க எங்கேயோ இருக்கும்டா."

"நாம பாக்கலையே. அப்ப நெஜமா இருக்குதா?"

"பாத்தவங்க சொல்றாங்க. இருக்குது" என்றேன்.

ஆமாம், நான் ஆவுளியாவைப் பார்க்கவில்லை. அது மேயும் புல்லைத்தான் பார்த்தேன். முப்பத்தெட்டு வருடத்துக்கு முன்னால் சொல்லியிருக்க வேண்டிய பதிலைப் பேரனிடம் சொல்லிவிட்டு வந்தேன்.

உங்களில் பதினோரு பேர் இன்றைக்கு ஆசிரியர்களாக இருக்கிறீர்கள். உங்களுக்கு அறிவுரை சொல்லும் தகுதி இந்த விஷயத்தில் எனக்கு இல்லை. ஆனாலும் கேட்டுக்கொள்கிறேன். வகுப்பில் ஒரு பிள்ளை நம்ப முடியாத ஒன்றைச் சொன்னால், "எங்கே பார்த்தாய்?" என்று ஒரு கேள்வி கேளுங்கள். நான் அந்த ஒரு கேள்வியைக் கேட்டிருந்தால் போதும். இன்றைக்கு வட இந்தியாவிலிருந்து கட்டட வேலைக்கு வந்தவர்களின் பிள்ளைகள் நம் பள்ளிகளில் படிக்கிறார்கள். நாம் பார்க்காத எத்தனையோ அவர்கள் பார்த்திருப்பார்கள்.

அன்றைக்கு வகுப்பில் இருந்த எல்லாருக்கும் சொல்கிறேன். அவன் சொன்ன மூன்றும் உண்மை. அங்கே கடல் இரண்டுதான். அந்தக் கல் வளரும். கடலில் பசு மேய்கிறது. பொய் சொன்னது நான். தெரிந்த பிறகும் வாயை மூடிக்கொண்டிருந்தது அதைவிடப் பெரிய பொய்.

தம்பி, உன் பேரை இங்கே போடவில்லை. இத்தனை வருடத்துக்குப் பிறகு உன்னைப் பத்துப் பேர் நடுவில் மறுபடி நிறுத்த எனக்கு உரிமை இல்லை. பெங்களூரிலோ வேறெங்கோ இருந்து இதைப் பார்த்தால், நீ எதுவும் எழுத வேண்டாம். ஆனால் எழுதினால், உன் அப்பா கட்டிய பாலத்தின் மேல் நின்று எடுத்த படம் என்னிடம் இருக்கிறது, அனுப்பிவைக்கிறேன். அந்தக் கல்லைத் திருப்பித் தர முடியவில்லை. அதை அங்கிருந்து இனி எடுத்துவரவும் கூடாது, சட்டம் இருக்கிறது. என்னை மன்னித்துக்கொள் சாமி.

தெரிந்தவர்கள் யாராவது இதை அவன் கண்ணில் படும்படி செய்யுங்கள். அடுத்த முறை கூடும்போது அவனும் வர வேண்டும். கடற்கரைப் பாடத்தை அவன் நடத்தட்டும், நான் முதல் பெஞ்சில் உட்கார்ந்து கேட்கிறேன்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்